பிரவுசர் டெஸ்ட் ஓடவில்லையா? பிழையைச் சொல்வது யார் என்று முதலில் பாருங்கள்

கேள்வியின் சுருக்கம் இது: ஜாவாஸ்கிரிப்டில் பிரவுசர் டெஸ்ட் எழுத ஒரு கருவியை இன்ஸ்டால் செய்தாயிற்று. ஒரு கணினியில் பிரவுசரே திறப்பதில்லை. இன்னொன்றில் திறக்கிறது, ஆனால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்று ஏதேதோ எரர் காட்டுகிறது. நம்மிடம் ஒழுங்காக ஓடுவது, கோடு மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் விழுகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்துத் தேடுபொறியில் போடும் முன்பு, அந்தச் செய்தியைச் சொல்வது யார் என்று பாருங்கள். ஒரு பிரவுசர் டெஸ்ட் ஓடும்போது ஐந்து தரப்புகள் வேலை செய்கின்றன. உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டும் நோட்ஜேஎஸ், டெஸ்ட் லைப்ரரி, பிரவுசருக்குக் கட்டளை கொண்டுபோகும் டிரைவர் அல்லது இணைப்பு, பிரவுசர், கடைசியாக அதற்குள் திறந்திருக்கும் உங்கள் வலைப்பக்கம். பிழை இவற்றில் எதிலிருந்தும் வரலாம், ஆனால் எல்லாம் ஒரே டெர்மினலில் ஒரே சிவப்பு நிறத்தில் வந்து விழும். பக்கத்தில் இருக்கும் பிழைக்காக நோட்ஜேஎஸ்ஸை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்கிறவர்களையும், ஒரு லைப்ரரி ஃபைல் இல்லாததற்காக டைம்அவுட்டைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களையும் நிறையப் பார்க்கலாம். நேரம் வீணாவது இப்படித்தான்.

எந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் பாதிப் பிழைகள் தாமே விளங்கிவிடும். செலினியத்தில் உங்கள் ஸ்கிரிப்ட் எச்டிடிபி வழியாக டிரைவர் என்ற தனி நிரலுக்குக் கட்டளை அனுப்புகிறது, டிரைவர் அதை பிரவுசருக்குச் சொல்கிறது. இந்தப் பேச்சுமுறைதான் வெப்டிரைவர். 2018-இல், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அதைத் தரநிலையாக ஏற்றது. பப்பட்டியரில் நடுவில் டிரைவர் கிடையாது. குரோமோடு, அதன் டெவ்டூல்ஸ் (பக்கத்தை ஆராயும் உள்கருவி) பேசும் மொழியிலேயே அது நேராகப் பேசுகிறது. ப்ளேரைட்டும் குரோமியத்தோடு அப்படித்தான் பேசுகிறது. ஃபயர்ஃபாக்ஸுக்கும் வெப்கிட்டுக்கும் தானே திருத்திக் கட்டிய பதிப்புகளைக் கொண்டுவருகிறது. சைப்ரஸ் இவற்றிலிருந்து அடியோடு வேறு: உங்கள் டெஸ்ட் கோடு பிரவுசருக்கு உள்ளேயே, உங்கள் பக்கத்தின் பக்கத்திலேயே ஓடுகிறது. ஜெஸ்டும் ஜேஎஸ்டாமும் சேர்ந்தால் பிரவுசரே இல்லை. நோட்ஜேஎஸ்ஸுக்குள் பிரவுசர்போல நடிக்கும் ஒரு லைப்ரரி மட்டும்தான் இருக்கிறது.

சரி, முதலில் பிரவுசர் திறக்காத நிலை. இதில் அதிகம் வருவது "எக்ஸிக்யூட்டபிள் இல்லை" அல்லது "குரோம் கிடைக்கவில்லை" என்ற செய்திதான். இந்தக் கருவிகளில் என்பிஎம் (நோட்ஜேஎஸ் பேக்கேஜ்களை இறக்கும் கருவி) தரும் பேக்கேஜ் வேறு, பிரவுசர் வேறு. பேக்கேஜ் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் போகும், நூற்றுக்கணக்கான எம்பி உள்ள பிரவுசர் வேறோர் இடத்துக்குப் போகும். ப்ளேரைட் 1.38 வெர்ஷனிலிருந்து, என்பிஎம் இன்ஸ்டால் செய்தால் மட்டும் பிரவுசர் இறங்காது. 'என்பிஎக்ஸ் ப்ளேரைட் இன்ஸ்டால்' என்று தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். பப்பட்டியர் இன்ஸ்டால் ஆகும்போதே பிரவுசரை இறக்கும், ஆனால் 19-ஆம் வெர்ஷனிலிருந்து அதை உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள கேஷ் ஃபோல்டருக்குள் வைக்கிறது. பப்பட்டியர்-கோர் என்ற பேக்கேஜ் எந்த பிரவுசரையும் இறக்காது, எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் வழி காட்ட வேண்டும். சைப்ரஸும் தன் நிரலைத் தனி கேஷில் வைக்கும். அது காணாமல் போனால் 'என்பிஎக்ஸ் சைப்ரஸ் இன்ஸ்டால்', அப்புறம் 'என்பிஎக்ஸ் சைப்ரஸ் வெரிஃபை'.

சிஐயில் இந்தப் பிழை ஏன் திடீரென்று முளைக்கிறது என்பதும் இப்போது புரியும். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை மட்டும் சேமித்து வைத்து அடுத்த ஓட்டத்தில் எடுத்துப் பயன்படுத்தினால், பேக்கேஜ் ஏற்கெனவே இருக்கிறது என்று இன்ஸ்டாலின் பின்வேலைகள் (இன்ஸ்டால் முடிந்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள்) ஓடாமல் போகும். பிரவுசர் இருந்த கேஷ் ஃபோல்டரோ அங்கே இருக்காது. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம், 10 வெர்ஷனிலிருந்து பேக்கேஜ்களின் பின்வேலை ஸ்கிரிப்டுகளை வழக்கமாகவே தடுத்து வைக்கிறது. நீங்கள் பெயர் சொல்லி அனுமதித்தால்தான் ஓடும். என்பிஎம்மில் 'இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்' என்ற அமைப்பை யாராவது பாதுகாப்புக்காகப் போட்டு வைத்திருந்தாலும் இதே கதைதான். எனவே சிஐயில் பிரவுசரை இறக்கும் கட்டளையைத் தனிப் படியாக வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். பின்வேலையை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். பேக்கேஜ் இல்லாத ஃபோல்டரில் நின்றுகொண்டு 'என்பிஎக்ஸ் ப்ளேரைட் இன்ஸ்டால்' என்று கொடுத்தால், அது இணையத்திலிருந்து புத்தம் புது வெர்ஷனை எடுத்து அதற்கான பிரவுசரை இறக்கும். உங்கள் ப்ராஜெக்டில் இருப்பது பழைய வெர்ஷன் என்றால் அது வேறொரு பிரவுசர் எண்ணைத் தேடும், கிடைக்காது. "இப்போதுதானே இன்ஸ்டால் செய்தேன், இன்னும் இல்லை என்கிறதே" என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எப்போதும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் நின்று கட்டளை கொடுங்கள்.

விண்டோஸில் பவர்ஷெல் திறந்து என்பிஎக்ஸ் என்று அடித்ததுமே "இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்டுவது முடக்கப்பட்டுள்ளது" என்று வருகிறதா? அதற்கும் டெஸ்ட் கருவிக்கும் சம்பந்தமில்லை. பவர்ஷெல் தன் எக்ஸிக்யூஷன் பாலிசியால் என்பிஎக்ஸின் பிஎஸ்1 ஃபைலைத் தடுக்கிறது. சாதாரண கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டினால் போதும், அல்லது உங்கள் பயனருக்கு மட்டும் பாலிசியை ரிமோட்சைன்ட் என்று மாற்றலாம். மொத்தக் கணினிக்கும் கட்டுப்பாட்டை நீக்க வேண்டிய அவசியம் இல்லை.

அலுவலக நெட்வொர்க்கில் பிரவுசர் இறங்காமல் சான்றிதழ் பற்றிய பிழை வந்தால், நடுவில் ஒரு ப்ராக்ஸி உட்கார்ந்து தன் சொந்தச் சான்றிதழைக் காட்டுகிறது என்று அர்த்தம். எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி என்ற சூழல் மாறியில் ப்ராக்ஸி முகவரியைக் கொடுங்கள். அலுவலகத்தின் மூலச் சான்றிதழ் ஃபைலை நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_செர்ட்ஸ் என்ற மாறியில் காட்டுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழி இணையம் முழுக்கக் கிடைக்கிறது. தயவுசெய்து அதை எடுக்க வேண்டாம். இன்று பிரவுசர் இறக்குவதற்காக அணைத்தது நாளைக்கும் அணைந்தே இருக்கும், உங்கள் நோட்ஜேஎஸ் பேசும் எல்லா முகவரியையும் சரிபார்க்காமல் நம்பும்.

செலினியத்தில் வரும் பழைய தலைவலி "செஷன் நாட் கிரியேட்டட்". இந்த குரோம்டிரைவர் இன்ன வெர்ஷன் குரோமோடு மட்டும்தான் பேசும் என்று செய்தியிலேயே எழுதியிருக்கும். குரோம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், நீங்கள் கையால் இறக்கி வைத்த டிரைவர் அப்படியே நிற்கும், ஒருநாள் இரண்டும் பிரிந்துவிடும். செலினியம் 4.6 வெர்ஷனிலிருந்து செலினியம் மேனேஜர் கூடவே வருகிறது. பொருத்தமான டிரைவரை அதுவே தேடி எடுக்கும். ஆகவே செலினியத்தைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீர்ந்தது. புதுப்பித்த பிறகும் அதே பிழை வந்தால், பாத் என்ற சூழல் மாறியில் உள்ள ஏதாவது ஃபோல்டரில் பழைய குரோம்டிரைவர் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேனேஜரை விட அதற்கு முன்னுரிமை கிடைத்துவிடும். பேக்கேஜ்.ஜேசனில் குரோம்டிரைவர் பேக்கேஜைத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தாலும் இதுதான் நடக்கும். இன்னொன்று: குரோம் 115 முதல் டிரைவர்கள் 'குரோம் ஃபார் டெஸ்டிங்' என்ற புதிய ஏற்பாட்டின் வழியாக வெளியாகின்றன. அதற்கு முந்தைய கட்டுரைகளில் உள்ள இறக்க முகவரிகளை நம்பிப் போனால் பழைய டிரைவர்தான் கிடைக்கும்.

இப்போது லினக்ஸும், நிரலைத் தன் சொந்தச் சூழலோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரும். பிரவுசர் ஃபைல் இருக்கிறது, ஆனால் தொடங்கிய கணமே சாகிறது. செய்தியில் லிப்என்எஸ்எஸ்3 போன்ற ஒரு பெயரும் "ஷேர்டு லைப்ரரி ஏற்ற முடியவில்லை" என்பதும் இருந்தால், குறை பிரவுசரில் இல்லை, அதற்குத் தேவையான கணினி லைப்ரரிகள் இல்லை. ஒவ்வொன்றாகத் தேடி இன்ஸ்டால் செய்யாதீர்கள், ஒன்று முடிந்தால் அடுத்தது கேட்கும். ப்ளேரைட்டில் 'இன்ஸ்டால்' கட்டளையோடு 'வித்-டெப்ஸ்' சேர்த்தால் எல்லாம் வந்துவிடும். மற்றவற்றில், பிரவுசர் ஃபைல் மேல் எல்டிடி கட்டளையை ஓட்டினால் எவை கிடைக்கவில்லை என்ற முழுப் பட்டியலும் ஒரே தடவையில் கிடைக்கும். கன்டெய்னருக்கு அச்சாக இருப்பது இமேஜ். ஆல்பைன் என்ற லினக்ஸின் இமேஜ் சிறியது என்று பலர் அதை எடுக்கிறார்கள். அதில் இருப்பது மசல் என்ற சி லைப்ரரி, இந்த பிரவுசர்கள் கட்டப்பட்டதோ ஜிலிப்சி என்ற வேறொரு சி லைப்ரரிக்காக. இரண்டும் ஒத்துப்போவதில்லை. டெபியன் அல்லது உபுண்டு அடிப்படையிலான இமேஜுக்கு மாறுவதே எளிய வழி. ப்ளேரைட்டின் சொந்த டாக்கர் இமேஜை எடுத்தால் அதன் வெர்ஷனும் பேக்கேஜ்.ஜேசனில் உள்ள வெர்ஷனும் கடைசி எண் வரை ஒன்றாக இருக்கட்டும்.

டாக்கருக்குள் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, பகிர்வு நினைவகம். கன்டெய்னருக்கு வழக்கமாகக் கிடைப்பது 64 எம்பி. குரோமுக்கு அது போதாது, கனமான பக்கம் வந்ததும் டேப் நொறுங்கும். சிறிய பக்கத்தில் பாஸ் ஆகி பெரிய பக்கத்தில் மட்டும் "பேஜ் கிராஷ்டு" என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். டாக்கரை ஓட்டும்போது 'எஸ்எச்எம்-சைஸ்' கூட்டலாம், 'ஐபிசி=ஹோஸ்ட்' கொடுக்கலாம், அல்லது குரோமுக்கு 'டிசேபிள்-டெவ்-எஸ்எச்எம்-யூசேஜ்' கொடுக்கலாம். இரண்டாவது, சேண்ட்பாக்ஸ், அதாவது பக்கத்தின் கோடு கணினியைத் தொடாதபடி குரோம் போடும் வேலி. ரூட் பயனராக ஓட்டினால் குரோம் சேண்ட்பாக்ஸோடு திறக்க மறுக்கும். உடனே எல்லோரும் 'நோ-சேண்ட்பாக்ஸ்' போட்டுவிடுகிறார்கள். உங்கள் சொந்தப் பக்கத்தை மட்டும் திறக்கும் கன்டெய்னரில் அது பரவாயில்லை. வெளித் தளங்களைத் திறக்கும் ஸ்கிரிப்ட் என்றால், ரூட் அல்லாத பயனரை உருவாக்கி ஓட்டுவதே சரி. உபுண்டுவின் புதிய பதிப்புகளில் ரூட் அல்லாத பயனராக இருந்தும் "பயன்படுத்தக்கூடிய சேண்ட்பாக்ஸ் இல்லை" என்று வரலாம். ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாடு காரணமாக அங்கே அப்படி நடக்கிறது.

"டெவ்டூல்ஸ்ஆக்டிவ்போர்ட் ஃபைல் இல்லை" என்ற செய்தி மட்டும் தனி எச்சரிக்கைக்கு உரியது. பலர் அந்த ஃபைலைத் தேடிக்கொண்டு போகிறார்கள். குரோம் தொடங்கியதும் செத்துவிட்டது, அதனால் அந்த ஃபைலை எழுதவில்லை என்பதுதான் அதன் பொருள். ஏன் செத்தது என்பது மேலே சொன்ன காரணங்களில் ஒன்றாக இருக்கும், அல்லது ப்ரொஃபைல் ஃபோல்டரை இன்னொரு குரோம் பிடித்து வைத்திருக்கும். உங்கள் அன்றாட குரோம் ப்ரொஃபைலை டெஸ்டுக்குக் கொடுக்காதீர்கள். குரோம் 136 முதல், வழக்கமான ப்ரொஃபைல் ஃபோல்டரோடு ரிமோட் டீபக்கிங் போர்ட்டை (டெஸ்ட் கருவி குரோமோடு பேசும் வாயில்) திறக்கவே அது அனுமதிப்பதில்லை. டெஸ்டுக்கென்று தனி ஃபோல்டர் கொடுங்கள். ஸ்கிரிப்ட் எரர் அடித்தாலும் பிரவுசர் மூடப்படும்படி 'ஃபைனலி' பகுதியில் க்விட் அல்லது க்ளோஸ் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் விட்டுப்போன குரோம்கள் நினைவகத்தைத் தின்றுகொண்டு கிடக்கும்.

பிரவுசர் திறப்பதற்கு முன்பே நோட்ஜேஎஸ் நிற்கும் பிழைகளும் இருக்கின்றன. "மாட்யூலுக்கு வெளியே இம்போர்ட் பயன்படுத்த முடியாது" என்று வந்தால், உங்கள் ஃபைல் இம்போர்ட் பயன்படுத்தும் இஎஸ் மாட்யூல் முறையில் எழுதப்பட்டிருக்கிறது, நோட்ஜேஎஸ் அதை ரெக்வயர் பயன்படுத்தும் பழைய காமன்ஜேஎஸ் முறை என்று படிக்கிறது. பேக்கேஜ்.ஜேசனில் டைப் என்பதற்கு மாட்யூல் என்று கொடுக்கலாம், அல்லது அந்த ஒரு ஃபைலுக்கு எம்ஜேஎஸ் என்று பின்னொட்டு வைக்கலாம். முதலாவதைச் செய்தால் ப்ராஜெக்டில் உள்ள பழைய கான்ஃபிக் ஃபைல்கள் "ரெக்வயர் வரையறுக்கப்படவில்லை" என்று விழலாம். அவற்றுக்கு சிஜேஎஸ் பின்னொட்டு. ஜெஸ்டில் "டாக்குமென்ட் வரையறுக்கப்படவில்லை" என்று வருவது வேறு விஷயம். ஜெஸ்ட் 27 வெர்ஷனில் வழக்கமான சூழல் ஜேஎஸ்டாமிலிருந்து நோட்ஜேஎஸ்ஸுக்கு மாறியது. 28-இல் ஜேஎஸ்டாம் சூழல் தனிப் பேக்கேஜாகவே பிரிந்தது. அதை இன்ஸ்டால் செய்து கான்ஃபிக்கில் சொன்னால் போதும். ஆனால் ஜேஎஸ்டாம் பக்கத்தை அடுக்கிக் காட்டுவதில்லை. ஒரு எலிமென்டின் அகலம், இடம் எதைக் கேட்டாலும் பூஜ்யம்தான் வரும். அளவு, ஸ்க்ரோல், மேட்ச்மீடியா சார்ந்த டெஸ்டுகளை அங்கே வளைத்து வளைத்து ஓட வைப்பதை விட நிஜ பிரவுசருக்குக் கொண்டுபோவது நல்லது.

"டெஸ்ட் ஃபங்ஷன் இங்கே அழைக்கப்படும் என்று எதிர்பார்க்கவில்லை" என்று ப்ளேரைட் சொன்னால் பெரும்பாலும் ஒரே ப்ராஜெக்டில் அதன் டெஸ்ட் பேக்கேஜ் இரண்டு வெர்ஷனில் உட்கார்ந்திருக்கும். 'என்பிஎம் எல்எஸ்' கட்டளையில் தெரிந்துவிடும். இதற்கு நெருங்கிய உறவாக இன்னொன்று: ஜெஸ்ட் தன் வழக்கப்படி ஸ்பெக் என்று முடியும் எல்லா ஃபைலையும் எடுக்கும், ப்ளேரைட் டெஸ்டுகளையும் சேர்த்து. இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர் ஒதுக்கி, ஒன்று மற்றொன்றைப் பார்க்காதபடி கான்ஃபிக்கில் எழுதிவிடுங்கள்.

பிரவுசர் திறந்துவிட்டது, இனி ஸ்கிரிப்ட். இங்கே முதல் சந்தேகம் எப்போதும் அவெய்ட் மேல்தான் போக வேண்டும். செலினியம், பப்பட்டியர், ப்ளேரைட் மூன்றிலும் ஏறக்குறைய எல்லாக் கட்டளையும் ப்ராமிஸ் தருகிறது, அதாவது விடை பின்னால் வரும் என்ற வாக்கு. அந்த விடை வரும் வரை நிற்கச் சொல்வதுதான் அவெய்ட். ஒரு இடத்தில் அவெய்ட் விட்டுப்போனால் ஸ்கிரிப்ட் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போகும், டெஸ்ட் முடியும், பிரவுசர் மூடும், அப்புறம் அந்த விட்டுப்போன கட்டளை போய் மூடிய பிரவுசரைத் தட்டும். அப்போது வரும் செய்தி "பக்கம் அல்லது பிரவுசர் மூடப்பட்டுவிட்டது". அவெய்ட் விட்டுப்போன வரி அதில் தெளிவாகத் தெரியாமல்கூடப் போகலாம். இன்னும் மோசம், எதிர்பார்ப்பைச் சரிபார்க்கும் வரியில் அவெய்ட் இல்லாவிட்டால் தவறான டெஸ்ட்கூட பச்சையாகக் காட்டக்கூடும். ஃபார்ஈச்சுக்குள் அசிங்க் ஃபங்ஷன் கொடுப்பதும் இதே தவறுதான். ஃபார்ஈச் எதற்கும் காத்திருக்காது, அங்கே ஃபார்-ஆஃப் சுற்று எழுத வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துகிறவர்கள், கோடில் தவறு தேடும் கருவியான இஎஸ்லின்டில் 'நோ-ஃப்ளோட்டிங்-ப்ராமிசஸ்' விதியைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் எந்த ப்ராஜெக்டிலும் முதலில் பரிந்துரைப்பது இந்த ஒரு விதியைத்தான்.

சைப்ரஸில் நிலைமை தலைகீழ். அதன் கட்டளைகள் ப்ராமிஸ் கிடையாது, அவை ஒரு வரிசையில் சேர்க்கப்பட்டுப் பின்னால் ஓடுகின்றன. எனவே ஒரு கெட் கட்டளையின் விடையை வேரியபிளில் வைத்து அடுத்த வரியில் பயன்படுத்த முடியாது. தென் ஃபங்ஷனுக்குள் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். மற்ற கருவிகளிலிருந்து வருகிறவர்கள் இங்கே அவெய்ட் போட்டுப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். ப்ராமிஸையும் சைப்ரஸ் கட்டளையையும் கலந்துவிட்டீர்கள் என்று அது பிழை சொன்னால் அந்த டெஸ்டிலிருந்து அசிங்க், அவெய்ட் இரண்டையும் எடுத்துவிட்டு எழுதுங்கள். பழைய ப்ராஜெக்டைப் புதுப்பித்ததும் கான்ஃபிக்கே படிக்கவில்லை என்றால், 10-ஆம் வெர்ஷனில் சைப்ரஸ்.ஜேசன் போய் சைப்ரஸ்.கான்ஃபிக்.ஜேஎஸ் வந்ததை நினைவில் வையுங்கள்.

பப்பட்டியரிலும் ப்ளேரைட்டிலும் புரியாமல் எல்லோரும் திணறுவது எவால்யுவேட் ஃபங்ஷன். அதற்குள் எழுதும் கோடு உங்கள் ஃபைலில் இருந்தாலும் ஓடுவது நோட்ஜேஎஸ்ஸில் இல்லை. கருவி அந்த ஃபங்ஷனை வெறும் எழுத்தாக மாற்றி பிரவுசருக்கு அனுப்புகிறது, அங்கே புதிதாக ஓடுகிறது. ஆகவே வெளியே உள்ள எந்த வேரியபிளும் அதற்குத் தெரியாது. "வரையறுக்கப்படவில்லை" என்ற பிழை வருவது இதனால்தான். தேவையான மதிப்பை இரண்டாவது ஆர்க்யுமென்டாகக் கொடுங்கள். திரும்பி வரும் மதிப்பும் ஜேசன்போல எளிதாக எழுதக்கூடியதாக இருக்க வேண்டும், எலிமென்டையே திருப்பி அனுப்ப முடியாது. உள்ளே எழுதிய கன்சோல் லாக் டெர்மினலில் வராது, பிரவுசரின் கன்சோலுக்குப் போகும். பார்க்க வேண்டுமானால் பக்கத்தின் கன்சோல் நிகழ்வைக் கேட்க வேண்டும். இதிலேயே கொடுமையான ஒரு வகை உண்டு: நீங்கள் எழுதாத பெயர் ஒன்று வரையறுக்கப்படவில்லை என்று வரும். இரண்டு அடிக்கோட்டோடு நேம் என்று இருந்தால் அது இஎஸ்பில்ட் நுழைத்தது. கவ் என்று தொடங்கினால் கோட் கவரேஜ் கருவி நுழைத்தது. கோடை மாற்றி எழுதும் கருவிகள் தங்கள் உதவி ஃபங்ஷன்களை உள்ளே நுழைக்கின்றன, அவை பிரவுசருக்குள் இல்லை. அந்தப் பகுதியை அத்தகைய மாற்றத்திலிருந்து விலக்குங்கள், அல்லது உள்ளே ஓட வேண்டிய கோடை எழுத்தாகவே கொடுங்கள்.

எலிமென்ட் கிடைக்கவில்லை என்ற பிழைக்கு டைம்அவுட்டைக் கூட்டும் முன், அது ஐஃப்ரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள். டெவ்டூல்ஸில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஸ்கிரிப்ட் வெளிப் பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கும். செலினியத்தில் ஃப்ரேமுக்குள் மாற வேண்டும், ப்ளேரைட்டில் ஃப்ரேம்லோக்கேட்டர் இருக்கிறது. ஷேடோ டாம் (எலிமென்டுக்குள் தனியாகப் பிரித்து வைத்த உள்பகுதி) என்றால் ப்ளேரைட்டின் சாதாரண லோக்கேட்டர் திறந்த ஷேடோவுக்குள் தானாகவே போகும், எக்ஸ்பாத் போகாது. "ஸ்ட்ரிக்ட் மோட்" பிழை வந்தால் உங்கள் செலக்டருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எலிமென்ட் பொருந்துகிறது என்று பொருள். அங்கே ஃபர்ஸ்ட் என்று சேர்த்து வாயை அடைத்துவிடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். நாளை பக்கத்தில் இன்னொரு பட்டன் மேலே வந்தால் டெஸ்ட் அதைப்போய் அழுத்தும்.

காத்திருப்பு பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். மூன்று வினாடி தூங்கு என்று எழுதிய ஒவ்வொரு வரியும் வேகமான கணினியில் நேரத்தை வீணாக்கும், மெதுவான கணினியில் போதாமல் போகும். எதற்காகக் காத்திருக்கிறோமோ அதையே கேளுங்கள்: இந்த எழுத்து தெரியும் வரை, இந்தப் பதில் சர்வரிலிருந்து வரும் வரை. ப்ளேரைட் க்ளிக் செய்யும் முன் எலிமென்ட் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்கும் நிலையில் இருக்கிறதா, வேறெதுவும் மறைக்கவில்லையா என்று தானே சரிபார்க்கும். அப்படியும் ஒரு ஓட்டை உண்டு. சர்வரில் தயாராகி வரும் பக்கங்களில் பட்டன் முதலில் தெரியும், அதற்கான ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் பின்னால்தான் வந்து ஒட்டும். அந்த இடைவெளியில் க்ளிக் செய்தால் எந்தப் பிழையும் வராது, எதுவும் நடக்கவும் செய்யாது. மனிதரின் கை மெதுவானது, அதனால் நமக்கு இது தெரிவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டும் வரை பட்டனை முடக்கி வைப்பதே சரியான திருத்தம். அது பயனருக்கும் நல்லது, ஏனென்றால் மெதுவான ஃபோனில் அவரும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்.

க்ளிக் செய்ததும் வேறு பக்கம் போவது, புது டேப் திறப்பது, ஃபைல் இறங்குவது போன்றவற்றில் காத்திருப்பை க்ளிக்குக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். க்ளிக் முடிந்த பிறகு காத்திருந்தால், அதற்குள் நிகழ்வு நடந்து முடிந்திருக்கலாம். "எக்ஸிக்யூஷன் கான்டெக்ஸ்ட் அழிக்கப்பட்டது" என்ற பிழையும் இதே குடும்பம்தான்: நீங்கள் பக்கத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கம் மாறிவிட்டது. செலினியத்தின் "ஸ்டேல் எலிமென்ட்" பிழையில், நீங்கள் பிடித்து வைத்திருந்த எலிமென்டை ரியாக்ட் போன்ற லைப்ரரி தூக்கிவிட்டுப் புதிதாக வரைந்திருக்கும். எலிமென்டை வேரியபிளில் சேமித்து வைக்காமல் தேவைப்படும்போது மறுபடி தேடுவதே மருந்து.

"ஸ்கிரிப்ட் எரர்" என்று இரண்டே சொல், வரி எண் பூஜ்யம், வேறு எந்த விவரமும் இல்லை. இதைச் சொல்வது டெஸ்ட் கருவி இல்லை, பிரவுசர். வேறொரு டொமைனிலிருந்து வந்த ஸ்கிரிப்ட் பிழை எறிந்தால், பாதுகாப்புக்காக பிரவுசர் விவரங்களை மறைத்து இதை மட்டும் தரும். விவரம் வேண்டுமானால் இரண்டு காரியம் சேர்ந்து நடக்க வேண்டும்: ஸ்கிரிப்ட் டேகில் கிராஸ்ஆரிஜின் என்பதற்கு அனானிமஸ் என்று கொடுக்க வேண்டும், அந்த ஸ்கிரிப்டைத் தரும் சர்வர் அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெடரை அனுப்ப வேண்டும். டேகை மட்டும் மாற்றி ஹெடர் இல்லாமல் விட்டால் ஸ்கிரிப்ட் ஏறவே ஏறாது, முன்பை விட மோசமாகிவிடும். சைப்ரஸ் பக்கத்தின் இத்தகைய பிழைகளுக்காக டெஸ்டையே ஃபெயில் ஆக்கும். அன்காட் எக்ஸெப்ஷன் நிகழ்வில் ஃபால்ஸ் திருப்பி எல்லாவற்றையும் மறைத்துவிடும் நான்கு வரிக் கோடு எங்கும் பரவிக் கிடக்கிறது. அதைப் போட்டால் உங்கள் பக்கத்தின் நிஜமான பிழைகளும் சேர்ந்து மறையும். ரீசைஸ்அப்சர்வர் லூப் போல, ஆபத்தில்லை என்று தெரிந்த செய்தியை மட்டும் பெயர் பார்த்து விலக்குங்கள்.

கடைசியாக, நம்மிடம் பாஸ், சிஐயில் ஃபெயில். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்று இருந்தால் அந்த வரியில் உள்ள முகவரியைப் படியுங்கள். நோட்ஜேஎஸ் 17 முதல் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ::1 என்ற ஐபிவி6 முகவரியாக மாறக்கூடும். சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்தால் சந்திப்பு நடக்காது. இரு பக்கமும் எண் முகவரியையே எழுதுங்கள். எலிமென்ட் மறைந்திருக்கிறது என்றால் திரையின் அளவைப் பாருங்கள்: பப்பட்டியர் வழக்கமாக 800க்கு 600, சைப்ரஸ் 1000க்கு 660, ப்ளேரைட் டெஸ்ட் 1280க்கு 720. சின்னத் திரையில் மெனு மடிந்து மூன்று கோட்டுப் பட்டனாகியிருக்கும். தேதி ஒரு நாள் தள்ளி வந்தால் சிஐ கணினி யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. ஸ்க்ரீன்ஷாட் ஒப்பீடு மட்டும் விழுந்தால் எழுத்துரு வேறு. எப்போதாவது மட்டும் விழுந்தால் இணையாக ஓடும் வொர்க்கர் எண்ணிக்கையை ஒன்றாக்கிப் பாருங்கள். அப்போது நின்றுவிட்டால் டெஸ்டுகள் ஒரே பயனர் கணக்கையோ ஒரே தரவையோ பகிர்ந்துகொள்கின்றன, அல்லது அந்தக் கணினிக்கு அவ்வளவு பிரவுசரைத் தாங்கும் வலு இல்லை.

இவை எதிலும் அடங்காத பிழை வந்தால், வெற்றுப் பக்கத்தைத் திறந்து அதன் தலைப்பைப் படித்து மூடும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுங்கள். அது விழுந்தால் சிக்கல் செட்டப்பில், ஓடினால் உங்கள் ஸ்கிரிப்டிலோ பக்கத்திலோ. செட்டப்பில் என்றால் பிரவுசரையே பேச வையுங்கள்: பப்பட்டியரில் டம்ப்ஐஓ என்ற தேர்வு, ப்ளேரைட்டில் டீபக் என்ற சூழல் மாறிக்கு 'பிடபிள்யூ:பிரவுசர்' என்ற மதிப்பு. டெஸ்ட் கருவி விழுங்கிவிட்ட நிஜக் காரணம் அந்த லாகில் இருக்கும். ஸ்கிரிப்டில் என்றால், ப்ளேரைட்டில் ட்ரேஸ் பதிவை (ஒவ்வொரு படியிலும் நடந்ததன் பதிவு) முதல் மறுமுயற்சியில் எடுக்கும்படி வைத்துவிட்டு, விழுந்த கணத்துக்கு முந்தைய படியில் பக்கம் எப்படி இருந்தது என்று பாருங்கள். உதவி கேட்கும்போதும் செய்தியின் கடைசி வரியை மட்டும் ஒட்டாமல், முழுச் செய்தி, நோட்ஜேஎஸ், கருவி, பிரவுசர் மூன்றின் வெர்ஷன், இயங்குதளம், இந்தச் சிறிய ஸ்கிரிப்ட் ஓடியதா இல்லையா என்பது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.